ஆற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறவரிடம் கேட்கப்படும் கேள்விகள்: காவிரியை வைத்து

நான் காவிரியின் கிளையாறுகளுக்குக் கணினி மாடல் போடும் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். விவசாயிகள் கூட்டத்தில், பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் போனில், கல்யாண வீட்டுப் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் என்று பல இடங்களில் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இனி யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக வெற்றிலை போடலாம்.

மாடல் என்றால் என்ன? ஆற்றை எப்படிக் கணினிக்குள் கொண்டு போகிறீர்கள்?

வீட்டில் அம்மா எழுதும் வரவு செலவு நோட்டுதான், வேறொன்றும் இல்லை. மழையும் மேலேயிருந்து வரும் ஆறும் வரவு. வெயில் குடித்தது, பயிர் குடித்தது, ஊர் குடித்தது, கீழே ஓடிப்போனது எல்லாம் செலவு. மண்ணிலும் ஏரியிலும் அணையிலும் நிலத்தடியிலும் நிற்பது கையிருப்பு. இந்தக் கணக்கை ஒவ்வொரு நாளுக்கும் எழுத வேண்டும்.

காவிரி வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர். குடகில் ஒரு நாளில் கொட்டும் மழையைச் சில மாவட்டங்கள் ஒரு மாதத்தில்கூடப் பார்க்காது. அதனால் மொத்தத்துக்கும் ஒரே நோட்டு போட்டால் கதைக்கு உதவாது. நிலத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்து, எந்தத் தண்ணீர் எந்த ஓடையில் சேரும் என்று முதலில் துண்டு போடுவோம். மேடு பள்ளக் கணக்கு விண்ணிலிருந்து வருகிறது. 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரில் அளந்த உயரங்களைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறோம். பிறகு ஒவ்வொரு துண்டையும் மண், சரிவு, நிலத்தில் இருப்பது நெல்லா தென்னையா காடா கட்டடமா என்று பார்த்து இன்னும் சின்னதாக வெட்டுவோம். ஆயிரக்கணக்கில் துண்டுகள் தேறும். ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு. ஒரு துண்டின் செலவில் எழுதிய ஓட்டம் அடுத்த துண்டின் வரவில் ஏறும். இதைக் கையால் எழுதினால் ஆயுள் போதாது, கணினி சில நிமிடத்தில் எழுதிவிடும்.

‘மாதிரி’ என்று தமிழில் சொல்லலாமே என்று ஒரு தமிழாசிரியர் கடிந்துகொண்டார். சொல்லிப் பார்த்தேன். “மண் மாதிரி எடுத்துட்டுப் போனீங்களே, அதுவா?” என்றார்கள். மாடல் என்றே வைத்துக்கொள்வோம்.

இது மழை வருமா என்று சொல்லுமா?

சொல்லாது. மழையை நாங்கள்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான் அது சொல்லும்.

எந்த மென்பொருள்? விலை என்ன?

பெரும்பாலும் இலவசம். வடிநிலம் முழுவதற்கும் வரவு செலவு எழுத ‘ஸ்வாட்’. இது டெக்சஸில் அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது. வெள்ளம் கரையைத் தாண்டி எந்தத் தெருவுக்குள் வரும் என்று பார்க்க அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ‘ஹெக்-ராஸ்’. நிலத்தடி நீருக்கு ‘மோட்ஃப்ளோ’. இருக்கிற தண்ணீரை யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று பங்கிட்டுப் பார்க்க, ஸ்டாக்ஹோமில் இருக்கும் ஒரு ஆய்வு நிறுவனத்தின் ‘வீப்’. மேல்காவிரியில் ஸ்வாட், விஐசி, ஜிவாவா என்று மூன்று மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆராய்ச்சியும் இருக்கிறது.

பிள்ளைகள் இந்தப் பெயர்களைத்தான் விழுந்து விழுந்து கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த அரிவாளில் அறுத்தோம் என்பது பெரிய விஷயம் இல்லை, வயலில் என்ன விளைந்திருந்தது என்பதுதான் விஷயம். மழைமானியும் ஆற்று அளவும் சரியில்லாத இடத்தில் எந்த மாடலும் ஒன்றுதான்.

டெக்சஸில் செய்ததை நம் வயலில் ஓட்டினால் சரிவருமா?

அப்படியே ஓட்டினால் வராது. அங்கே நிலத்தில் மழை பெய்தால் ஒரு பங்கு மண்ணில் இறங்கும், மீதி வழிந்து ஓடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு வழியும் என்பதற்கு மண்ணையும் பயிரையும் பார்த்து ஓர் எண் இருக்கிறது. மக்காச்சோளக் காட்டுக்கு அந்த எண் பொருந்தும். நம் நெல் வயலுக்கு வரப்பு இருக்கிறதே! அரை அடி வரப்புக்குள் தண்ணீர் கட்டி நிற்கும்போது 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு சொட்டும் வெளியே போகாது. வரப்பை ஒரு கை வெட்டிவிட்டால் மொத்தமும் போகும். இதை மாடலுக்குச் சொல்லித் தராவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் வாய்க்கால் பெருகி ஓடுவதாகக் கணினி காட்டும், நிஜத்தில் வாய்க்கால் சும்மா கிடக்கும். ஸ்வாட்டில் நெல் வயலைச் சின்னக் குட்டையாக எண்ணி எழுத ஒரு வழி உண்டு. வரப்பு உயரம், நடவு நாள், அறுவடைக்கு முன் தண்ணீரை வடிக்கும் நாள் எல்லாம் கொடுக்க வேண்டும். அந்த நாள்களை எந்த இணையதளத்திலும் தேட முடியாது. வயலில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும்.

மேட்டூரை ஜூன் 12இல் திறக்கலாமா, கூடாதா? உங்கள் மாடல் சொல்லுமா?

டெல்டாக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. விடை கொஞ்சம் நீளம். கணினி இல்லாமலே தொடங்கலாம், ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் போனால் 1 டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. அணையிலிருந்து அந்த அளவே திறப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 12 முதல் ஜூலை 31 வரை 50 நாள், செலவு 50 டிஎம்சி. வரவு? கர்நாடகம் ஆண்டுக்குத் தர வேண்டியதாக 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் குறைக்கப்பட்ட 177.25 டிஎம்சிக்கான மாதவாரிக் கணக்கில், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 வர வேண்டும். இரண்டும் சேர்ந்து 40.43. இனி வெயில். மேட்டூர் நிரம்பி நின்றால் நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால், நொடிக்கு 300 கன அடி ஓடும் வாய்க்கால் ஒன்று வானத்தைப் பார்த்துப் போகிறது என்று பொருள். 50 நாளில் 1.3 டிஎம்சி. அணை நிரம்பாதபோது இது குறையும், என்றாலும் கணக்கில் வைப்போம்.

அணையில் 60 டிஎம்சி இருக்கும்போது திறந்தால்: வரவு முழுசாக வந்தால் ஆகஸ்ட் முதல் தேதி கையில் 49. பாதி வந்தால் 29. ஒன்றுமே வராவிட்டால் 9க்கும் கீழே. அப்போது குடிநீருக்கே கை வைக்க வேண்டும், குறுவை கதிர் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காயும், சம்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்தக் காகிதக் கணக்கைத்தான் மாடல் பெரிசாகச் செய்கிறது. “பாதி வந்தால்” என்று ஊகிக்காமல், 40 ஆண்டு பழைய வரத்தை எடுத்து ஒவ்வொரு ஆண்டாக ஓட்டிப் பார்க்கும். இந்த மட்டத்தில் திறந்தால் இத்தனை ஆண்டில் குறுவை கரையேறும், இத்தனை ஆண்டில் பாதியில் நிற்கும் என்று எண்ணிச் சொல்லும். திற என்றோ திறக்காதே என்றோ சொல்லாது. பத்தில் மூன்று முறை நட்டம் வரலாம் என்றால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது விவசாயியும் அரசும் எடுக்க வேண்டிய முடிவு. அதைக் கணினி தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது.

சமீபத்திய ஆண்டுகளைப் பாருங்கள். 2022இல் வரத்து நன்றாக இருந்ததால் மே 24இலேயே திறந்தார்கள். 2023இல் 103 அடி இருந்தபோது ஜூன் 12இல் திறந்தார்கள். மேலே தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது, அக்டோபர் 10இல் மூட வேண்டியதாயிற்று. வழக்கமாக ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீர் அது. 2024இல் ஜூன் 12 சும்மா போயிற்று, ஜூலை 28இல்தான் திறப்பு. தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட, தேதி, நீர்மட்டம், மேலே கர்நாடக அணைகளின் கையிருப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு விதி வேண்டும். அப்படி ஒரு விதியை வயலில் சோதித்தால் விதைநெல் போகும், கணினியில் சோதித்தால் கரண்டு மட்டும்தான் போகும்.

காவிரியில் ஆண்டுக்கு 740 டிஎம்சி என்று தீர்ப்பாயமே சொல்லிவிட்டதே, இன்னும் என்ன கணக்கு?

அந்த 740 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1934–35 முதல் 1971–72 வரை 38 ஆண்டு, கொள்ளிடத்தில் இருக்கும் கீழணையை வைத்துப் போட்ட நீரளவுக் கணக்கு. அதிலிருந்து 50 சதவீத நம்பகத்தன்மையில் 740, 75 சதவீதத்தில் 670 என்று எடுத்தார்கள். 2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பு 740ஐ வைத்துப் பங்கு பிரித்தது: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, தடுக்க முடியாமல் கடலுக்குப் போவது 4. கூட்டிப் பாருங்கள், 740 வரும். 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆக்கி, கர்நாடகத்தின் பங்கை 284.75 ஆக்கியது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்தது ஒரு காரணம். பெங்களூரு குடிநீருக்கென்று கொடுத்த 4.75 மற்றொன்று.

50 சதவீத நம்பகத்தன்மை என்பதை ஊரில் விளக்கும்போது எல்லாரும் ஒரு நொடி அமைதியாகிவிடுவார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 740க்குக் குறைவாகத்தான் வரும் என்பதுதான் அதன் பொருள். அதாவது கடைசி சொட்டு வரை பங்கு பிரித்த ஒரு தொகை, பாதி ஆண்டுகளில் கைக்கு வராது. நல்ல ஆண்டில் இந்தத் தீர்ப்பு தேவையே இல்லை, தண்ணீர் தானாக வரும். கெட்ட ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதற்குத்தான் தெளிவான, இரு தரப்பும் ஏற்ற சூத்திரம் வேண்டும். 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வறண்ட ஆண்டில் கூடிக் கூடி வாரக்கணக்கில் பேசுவது இதனால்தான்.

மாடலுக்கு உண்மையான வேலை இங்கே இருக்கிறது என்பது என் கருத்து. இப்போது இரண்டு மாநிலப் பொறியாளர்களும் ஆளுக்கொரு கணக்கோடு கூட்டத்துக்கு வருகிறார்கள். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பற்றியே பாதிச் சண்டை நடக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து போட்ட ஒரே மாடல், எவரும் திறந்து பார்க்கும்படி இருந்தால், அந்தப் பாதிச் சண்டை குறையும். மிச்சப் பாதிக்கு மாடல் மருந்து இல்லை.

மாடல் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பாதி ஆண்டுகளின் ஆற்று அளவைக் காட்டி மாடலைத் திருத்துவோம். மீதி ஆண்டுகளை மறைத்து வைத்து, அவற்றை அதுவே சொல்கிறதா என்று பார்ப்போம். எத்தனை பொருந்துகிறது என்பதற்கு நாஷ், சட்கிளிஃப் என்ற இருவர் 1970இல் கொடுத்த மதிப்பெண் உண்டு. 1 என்றால் அச்சு அசல். 0 என்றால், மாடலே வேண்டாம், சராசரியைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பொருள்.

இந்த மதிப்பெண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஆடியில் பெருகி, சித்திரையில் மணலாகும் ஆற்றுக்கு மழைக்காலத்தில் அதிகம், கோடையில் குறைவு என்று சொன்னாலே பாதி மதிப்பெண் கிடைத்துவிடும். அணைக்குக் கீழே இன்னும் வேடிக்கை. பிலிகுண்டுலுவில் ஒரு செப்டம்பரில் ஓடும் தண்ணீரில் எவ்வளவு மழை, எவ்வளவு கோர்ட் உத்தரவு? அந்த அளவுக்கு மாடலைப் பொருத்துவது, பாதி உச்ச நீதிமன்றத்துக்கு மாடல் போடுவது போல.

என் சொந்த அனுபவம் ஒன்று. கொங்குப் பக்கத்தில் ஒரு கிளையாறு. மார்கழி, தை மாதங்களில் கணினி ஆறு வற்றுகிறது, பதிவேட்டு ஆறு மட்டும் ஒரே அளவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மண்ணை மாற்றினேன், ஊற்றுநீரைக் கூட்டினேன், மூன்று வாரம் போயிற்று. பொருத்தவே முடியவில்லை. கடைசியில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அளவுகோல் கல்லின் கீழ்ப்பாதி வண்டலுக்குள், மேல்பாதி சீமைக் கருவேலத்துக்குள். அங்கே இருந்த லஸ்கர் (ஆற்று மட்டத்தைப் பார்த்து எழுதும் பணியாளர்) ஒளிக்காமல் சொன்னார்: “அந்தக் கல்லு மண்ணுக்குள்ள போயி ரண்டு வருசமாச்சுங்க சார். ஆறு பெருசா ஏறுனா மட்டும் புதுசா எழுதுவனுங்க. இல்லீன்னா நேத்து எழுதுனதேதான்.” மூன்று இடத்துக்கு அவர் ஒருவர், வண்டிக்குப் பெட்ரோல் அவர் காசு. நான் மூன்று வாரம் மாடலைப் பொருத்தப் பார்த்தது, இல்லாத ஓர் ஆற்றோடு.

ஆனால் அந்த மனிதருக்கு ஆறு மனப்பாடம். பக்கத்துப் படித்துறையைக் காட்டி, “தைப்பொங்கலுக்கு ஆறாவது படி தெரியும், மாசில எட்டாவது தெரிஞ்சுதுன்னா கெணறெல்லாம் எறங்கிரும்” என்று மாதம் மாதமாகச் சொன்னார். படிகளின் உயரத்தை அளந்து, அவர் சொன்னதை வைத்து அந்த இரண்டு ஆண்டைத் திருத்தி எழுதினேன். கணினி ஆறும் படித்துறை ஆறும் கிட்டத்தட்ட ஒன்றாக வற்றின. அறிக்கையில் படித்துறையைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். அறிவியல்பூர்வமாக இல்லை என்று மேலிடத்தில் வெட்டிவிட்டார்கள்.

போர் போட்டு உறிஞ்சுவதெல்லாம் கணக்கில் வருமா?

எங்களுக்குப் பெரிய ஓட்டை இதுதான். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலும் மீட்டர் கிடையாது. எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்று யாரிடமும் ஏடு இல்லை. ஆற்றங்கரையில் கிணறு வெட்டி, குழாய் போட்டு மைல் கணக்கில் கொண்டுபோவதும் அப்படியே. ஆற்றில் குறைந்தால்தான் எடுத்தது தெரியும்.

சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். செயற்கைக்கோள் வெப்பப் படத்தில் நன்றாகத் தண்ணீர் குடித்த வயல் குளிர்ச்சியாகத் தெரியும், வாடியது சூடாகத் தெரியும். அதிலிருந்து பயிர் எவ்வளவு ஆவியாக்கியது என்று மதிப்பிடலாம். மழையும் வாய்க்காலும் கொடுத்ததைக் கழித்தால் மீதி போர்தான். துல்லியம் இல்லை, ஆனால் பூஜ்யம் என்று எழுதுவதைவிட நேர்மையானது.

நிலத்தடி நீரையும் ஆற்றையும் தனித்தனிப் பையில் இருக்கும் பணம் மாதிரி நினைக்கிறோம், தவறு. ஒரே பணம்தான், சட்டைப்பையிலும் வேட்டி மடியிலும் பிரித்து வைத்தது. கிணறு இறங்கினால் கோடையில் ஆற்றுக்கு வரும் ஊற்று நிற்கும்.

மேகதாது அணை வந்தால் என்ன ஆகும்?

67.16 டிஎம்சி கொள்ளளவுக்குக் கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது. இடத்தைக் கவனியுங்கள். கிருஷ்ணராஜ சாகருக்கும் கபினிக்கும் கீழே, பிலிகுண்டுலுவுக்கு மேலே. இந்த இடைப்பட்ட நிலத்தில் பெய்யும் மழையைப் பிடித்து நிறுத்த இன்று காவிரியின் குறுக்கே பெரிய அணை எதுவும் இல்லை. அந்த இரண்டு அணைகளும் மூடியிருந்தாலும் இந்தத் தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேரும். புது அணை வந்தால் அதற்கும் கதவு வரும்.

வெள்ள ஆண்டில் பெரிய மாற்றம் தெரியாது, வறண்ட ஆண்டில்தான் தெரியும் என்பதை எந்த மாடலும் காட்டும். எவ்வளவு என்பது அந்தக் கதவை எந்த விதிப்படி திறப்பார்கள் என்பதைப் பொறுத்தது. அந்த விதியை நாங்கள்தான் மாடலுக்குள் எழுத வேண்டும். ஒரே மென்பொருளில் இரண்டு பேர் ஓட்டி எதிரெதிர் விடை கொண்டுவருவது இப்படித்தான். யாராவது “மாடலே சொல்லிவிட்டது” என்றால், கதவு விதியாக என்ன எழுதினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அறிக்கையை மூடிவிடலாம்.

ஊருக்கு ஊர் தடுப்பணை கட்டினால் பிரச்சினை தீருமே?

கட்டிய ஊருக்குத் தீரும். தடுப்பணை மழையை உண்டாக்காது, கீழே போக வேண்டியதை இங்கே நிறுத்தும். நின்றதில் ஒரு பங்கு ஆவியாகும், ஒரு பங்கு கிணற்றுக்கு இறங்கும். ஒன்று இரண்டு என்றால் ஆற்றுக்கு வலிக்காது, நூற்றுக்கணக்கில் கட்டினால் கீழே இருக்கும் ஏரியின் வரத்து வாய்க்காலில் புல் முளைக்கும். பிரிட்டனின் சூழலியல், நீரியல் மையத்தினர் ஜிவாவா மாடலைக் காவிரிக்குப் போட்டபோது ஏரி, தடுப்பணை, வயல் வரப்பு போன்ற சின்ன அமைப்புகளையும் உள்ளே எழுதியது இதனால்தான். எந்த ஓடையில் இன்னும் இடம் இருக்கிறது, எதில் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்று கட்டுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கட்டிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

கடலில் வீணாகக் கலக்கும் தண்ணீரைத் தடுக்க முடியாதா?

அந்த ‘வீணாக’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. ஆறு கடலுக்குப் போகாவிட்டால் கடல் ஆற்றுக்குள் வரும். நாகப்பட்டினம் பக்கம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் இடத்தில்தான் வாழ்கின்றன. வண்டலும் மணலும் போய்ச் சேராவிட்டால் கரையைக் கடல் கரைக்கும்.

வெள்ளக் காலத்தில் சில நாளில் பெருமளவு போய்விடுகிறது என்பது உண்மை. அதில் கொஞ்சத்தை ஏரிகளுக்குத் திருப்பலாம். எவ்வளவு திருப்பினால் முகத்துவாரம் தாங்கும் என்பது மாடலில் பார்க்க வேண்டிய கேள்வி. தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கிய 10 டிஎம்சி, மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை.

வெள்ளத்துக்கு மாடல் உதவுமா?

மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாள் அளவில் ஆகும். இந்த அவகாசம் பெரிய சொத்து. எந்தக் கரை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை முன்கூட்டியே ஓட்டி வைத்தால், படுகைக் கிராமங்களுக்கு நேரம் குறித்துத் தகவல் கொடுக்கலாம். ஆனால் மாடலுக்குக் கட்டுமானத்தின் வயது தெரியாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் இடிந்தன. 1836இல் கட்டியது. எத்தனை கன அடி வரும் என்பதைக் கணினி சொல்லும், தூணின் அடிமண் அரித்திருக்கிறதா என்று ஆள் இறங்கித்தான் பார்க்க வேண்டும். மணல் அள்ளி ஆறு ஆழமாகிப்போன இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: இத்தனை அடி மட்டம் என்றால் இத்தனை கன அடி என்ற பழைய அட்டவணையே பொய்யாகிவிடுகிறது.

பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ப 2050இல் காவிரி எப்படி இருக்கும்?

ஒரே எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். உலகக் காலநிலை மாடல்கள் வெப்பம் கூடுவதில் ஒத்துப்போகின்றன, மேற்குத் தொடர்ச்சி மலை மழையில் ஒத்துப்போவதில்லை. வெப்பம் கூடினால் பயிரும் அணையும் அதிகம் இழக்கும் என்பது மட்டும் கையில் இருக்கும் தகவல். மழை கூடினாலும் குறைந்தாலும் கவிழாத ஏற்பாடு எது என்று தேடுவதற்கு மாடலைப் பயன்படுத்தலாம்.

இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே?

வெள்ள முன்னறிவிப்பில் நன்றாகவே வேலை செய்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. ஆனால் அது பழையதைப் பார்த்துப் பழகுவது. இதுவரை இல்லாத அணை, இதுவரை இல்லாத பயிர்முறை என்றால் பழகுவதற்கு ஒன்றும் இருக்காது. அங்கே தண்ணீர்க் கணக்கு எழுதும் பழைய மாடல்தான் உதவும்.

வேறு எங்காவது மாடலை வைத்தே ஆற்றைப் பங்கிட்டிருக்கிறார்களா?

ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங். 2012இல் வந்த வடிநிலத் திட்டம், 1895 முதல் 2009 வரையிலான காலநிலையை மாடலில் ஓட்டி, ஆற்றுக்குத் திருப்பித் தர வேண்டியது ஆண்டுக்குச் சராசரியாக 2,750 கிகாலிட்டர் என்று முடிவு செய்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 97 டிஎம்சி, மேட்டூரின் 93.47ஐவிடக் கொஞ்சம் கூட. அதற்காக விவசாயிகளிடமிருந்து தண்ணீர் உரிமையை அரசு விலைக்கு வாங்கியது. சண்டை அங்கேயும் ஓயவில்லை, 2010இல் திட்டத்தின் முன்வரைவு வந்தபோதே பாசன ஊரில் அதைப் போட்டுக் கொளுத்தினார்கள். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்ணை அல்ல. எந்த வாய்க்காலில் எவ்வளவு போகிறது என்று மீட்டர் வைத்து அளந்து, அதைப் பொதுவில் போடும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் வாய்க்காலை நாங்களே அளந்தால் உங்களுக்குப் பயன்படுமா?

கட்டாயம். கடைமடையில் யாரும் அளப்பதே இல்லை. செலவும் கிடையாது. வாய்க்கால் நேராக ஓடும் ஓர் இடத்தில் 100 அடி தூரம் கயிறு பிடித்து இரண்டு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று முன்னால் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் போடுங்கள். பாதி மூழ்கிப் போவதால் காற்று தள்ளாது. மேல் குச்சியிலிருந்து கீழ்க் குச்சிக்கு வர எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். மூன்று தடவை போட்டுச் சராசரி எடுங்கள்.

50 நொடி என்றால் வேகம் நொடிக்கு 2 அடி. மேலே ஓடும் தண்ணீர் அடியில் ஓடுவதைவிட வேகமானது, அதனால் 0.85ஆல் பெருக்குங்கள், 1.7 வரும். வாய்க்கால் 10 அடி அகலம், சராசரி 2 அடி ஆழம் என்றால் குறுக்குவெட்டு 20 சதுர அடி. 20ஐ 1.7ஆல் பெருக்கினால் நொடிக்கு 34 கன அடி. தேதி, நேரம், ஆழம், நொடி நான்கையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு படமும் எடுங்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள்களில் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தண்ணீர் வராத நாளிலும் ‘0’ என்று எழுத மறக்க வேண்டாம், எங்களுக்கு அந்த 0தான் கிடைப்பதே இல்லை.